பரவசத்துக்கு ஓர் இலக்கணம்: ஆபிரகாம் அபுலாஃபியாவின் எழுத்து வழி

யூத ஞான மரபான கபாலாவின் பெயரில் இன்று எதையெல்லாமோ விற்கிறார்கள். மணிக்கட்டில் கட்டும் சிவப்புக் கயிறு, எண்கணித ஜோசியம், பத்து வட்டங்களைக் கோடுகளால் இணைத்த ஒரு படம், இரகசியச் சங்கம், மாந்திரீகம் எல்லாம் அந்த ஒரே கூடைக்குள் கிடக்கின்றன. இடைக்கால யூத ஞானிகளின் பரவசம் என்று பேச்சு வந்தால் இன்னும் மோசம். கண் செருகி, நினைவு தப்பி, ஒளியைக் கண்டார்கள் என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். எதைச் செய்து கண்டார்கள், எந்த வரிசையில் செய்தார்கள், எங்கே தவறினால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் வராது.

அந்தப் பதில்களை 13ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஸ்பெயினின் ஸரகோஸா நகரில் 1240இல் பிறந்த ஆபிரகாம் அபுலாஃபியா, பரவச நிலைக்குப் போகும் வழியை மூச்சுக் கணக்கு, தலை அசைவு உட்படக் கையேடாகவே எழுதினார். அவருடைய வழியில் பரவசம் என்பது புத்தி செய்யும் வேலை. புத்தியைத் தூங்கவைத்துவிட்டு எட்டும் மயக்கமாக அதை நினைத்துக்கொண்டு படித்தால் அவருடைய ஒரு பக்கம்கூடப் புரியாது.

ஒரே பெயர், இரண்டு ஓடைகள்

கபாலா என்பது 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெற்குப் பிரான்சிலும், அதையடுத்து ஸ்பெயினிலும் உருவெடுத்த யூத ஞான மரபு. அதற்குள் இரண்டு ஓடைகள் ஓடுகின்றன.

முதல் ஓடையின் அக்கறை கடவுளைப் பற்றியது. அறியவே முடியாத இறைவன் பத்து நிலைகளாக வெளிப்படுகிறார் என்று அது சொல்லும். அந்தப் பத்து வெளிப்பாடுகளுக்கு செஃபிரோத் என்று பெயர். மனிதன் மறைநூல் கட்டளைகளைச் சரியான எண்ணத்தோடு செய்தால் அந்தப் பத்துக்குள்ளும் இசைவு பெருகும். அதனால் உலகம் நலம் பெறும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காஸ்டில் நாட்டில் வெளிவந்த ஸோஹர் என்ற பெருநூல் இந்த ஓடையைச் சேர்ந்தது. வட்டங்களும் கோடுகளும் கொண்ட படம் இங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாவது ஓடையின் அக்கறை மனித மனம். பழைய தீர்க்கதரிசிகளுக்கு நேர்ந்தது இன்னொரு மனிதனுக்கும் நேர முடியுமா, முடியுமானால் எப்படி என்பதே அதன் கேள்வி. இதைத்தான் பரவச கபாலா என்றும் தீர்க்கதரிசன கபாலா என்றும் சொல்கிறார்கள். அபுலாஃபியா இதன் மையப் புள்ளி. முதல் ஓடைக்காரர்களை அவர் சும்மா விடவில்லை. கிறிஸ்தவர்கள் கடவுளை மூன்றாக்கினார்கள் என்றால் இவர்கள் பத்தாக்கிவிட்டார்கள் என்று கடிதத்தில் குத்தியிருக்கிறார். அவருடைய மாணவரான ஜோசப் கிகட்டில்லாவே பின்னாளில் அந்தப் பத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தார் என்பது தனிக் கதை.

பரவசத் தேடல் அபுலாஃபியாவோடு தொடங்கியதும் அல்ல. அவருக்கு முன்பே, வானுலக அரண்மனைகளையும் இறைவனின் தேரையும் காண முயன்ற யூதர்கள் இருந்தார்கள். பாபிலோனியாவின் பெரிய சட்ட அறிஞரும் 1038இல் இறந்தவருமான ஹாய் காவோன் அவர்களுடைய முறையைக் குறித்து வைத்திருக்கிறார்: குறிப்பிட்ட நாட்கள் உபவாசம், பிறகு தலையை முழங்கால்களுக்கு இடையே வைத்துக்கொண்டு, தரையை நோக்கித் துதிப்பாடல்களை முணுமுணுப்பது. அது உடலை ஒடுக்கும் வழி. அபுலாஃபியாவின் வழியில் நீண்ட உபவாசம் கிடையாது.

சுருக்கமாக: கபாலாவில் ஒரு ஓடை கடவுளின் உள்ளமைப்பைப் பேசுகிறது, இன்னொன்று மனித மனத்தை இறை அறிவோடு சேர்ப்பதைப் பேசுகிறது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

கொன்னக்கோல் கேட்டவர்களுக்கு இது எளிது

கொன்னக்கோல்காரர் ‘தகதிமி தகஜொணு’ என்று சொல்லும்போது அந்தச் சொற்களுக்கு அகராதியில் பொருள் கிடையாது. ஆனால் அவர் உளறவில்லை. ஒவ்வொரு அசையும் கணக்கில் நிற்கிறது. மூன்றையும் ஐந்தையும் ஏழையும் மாற்றி மாற்றி அடுக்கி, வேகத்தை இரட்டிப்பாக்கி, தாளத்தின் சரியான இடத்தில் வந்து இறங்குகிறார். அந்த நேரத்தில் அவர் மனத்தில் வீட்டுக் கவலைக்கு இடமில்லை. தூங்கவும் முடியாது, அரை மாத்திரை தவறினால் எல்லாம் கலைந்துவிடும். பொருள் இல்லாத ஒலி, விடாத கணக்கு, ஏறும் வேகம் மூன்றும் சேர்ந்து மனத்தை ஒரு விசித்திரமான தெளிவில் நிறுத்துகின்றன.

அபுலாஃபியாவின் எழுத்து வழியும் இதே மூன்றால் ஆனது. இசையோடு உள்ள உறவை அவரே சொல்கிறார்: எழுத்துகளைச் சேர்ப்பது நரம்புக் கருவியை மீட்டுவதற்கு ஒப்பானது என்று எழுதியிருக்கிறார். ஒப்பீடு இதோடு போதும். வித்தியாசம் எங்கே என்று பார்க்கலாம். தாளக் கலைஞர் கேட்பவருக்காகச் சொல்கிறார். அபுலாஃபியாவின் மாணவர் யாருக்கும் குரல் கேட்காத அறையில் உட்கார்கிறார். அவர் கையில் எடுப்பது வெற்று அசைகளையும் அல்ல. தம் மறைநூலின் எழுத்துகளை, கடைசியில் இறைவனின் பெயரையே எடுக்கிறார்.

இதை ஜபத்தோடு குழப்பிக்கொள்வது பரவலான தவறு. ஒரே பெயரை ஓயாமல் சொல்லும் முறை அந்தக் காலத்திலேயே இந்த வட்டத்துக்குத் தெரியும். அபுலாஃபியாவின் சீடர் ஒருவர் 1295இல் எழுதிய ‘நீதியின் வாயில்கள்’ என்ற நூலில், முஸ்லிம் துறவிகள் ‘அல்லாஹ்’ என்ற பெயரை இடைவிடாமல் சொல்லி மனத்திலிருந்து மற்ற உருவங்களை விலக்குவதை விவரித்து, அதைப் பாமர வழி என்று தாழ்த்தி வைக்கிறார். அந்தத் தீர்ப்பு நியாயமா என்பது வேறு விஷயம். அவர் காட்டும் வித்தியாசம் சரியானது. ஜபத்தில் பொருள் மாறுவதில்லை, மனம் அதில் படிகிறது. எழுத்துச் சேர்க்கையில் ஒவ்வொரு நொடியும் பொருள் மாறுகிறது, மனம் பின்தொடர்ந்து ஓட வேண்டியிருக்கிறது.

கருவிப்பெட்டி: 22 எழுத்துகள்

எபிரேய மொழிக்கு 22 எழுத்துகள். எல்லாம் மெய்யெழுத்து மாதிரிதான். உயிர் ஒலியைப் புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் தனியே குறிப்பார்கள். எண்களுக்கும் இதே எழுத்துகள்தான். ஆலெஃப் 1, பேத் 2, யோட் 10, ரேஷ் 200, இப்படி. ஆகவே எந்தச் சொல்லையும் கூட்டி ஒரு தொகையாக்கலாம். ஒரே தொகை வரும் சொற்களை இணைத்து வாசிப்பதற்கு கெமத்ரியா என்று பெயர்.

‘எஹாத்’ என்றால் ஒன்று: 1, 8, 4 சேர்ந்து 13. ‘அஹவா’ என்றால் அன்பு: 1, 5, 2, 5 சேர்ந்து அதுவும் 13. இரண்டையும் கூட்டினால் 26. யோட், ஹே, வாவ், ஹே என்ற நான்கெழுத்து இறைநாமத்தின் தொகையும் 10, 5, 6, 5 என்று 26தான். அபுலாஃபியா தம் பெயரிலேயே இதைச் செய்துகொண்டார். ஆபிரகாம் என்பதன் தொகை 248. ரஸியேல், ஸெகர்யாஹு என்ற பெயர்களின் தொகையும் 248. தம் தீர்க்கதரிசன நூல்களில் அந்தப் பெயர்களில்தான் தோன்றுகிறார். இதை எதிர்காலம் சொல்லும் எண்கணிதம் என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏமாந்து போவார்கள். இங்கே எண், ஒரு சொல்லின் பிடியைத் தளர்த்தி மனத்தை இன்னொரு சொல்லுக்குத் தாவ வைக்கும் கருவி.

முக்கியமான கருவி வேறு: த்செருஃப், அதாவது எழுத்துகளை இடம் மாற்றிச் சேர்ப்பது. இதற்கான கணக்கு ‘செஃபெர் யெட்சீரா’ என்ற மிகப் பழைய சிறு நூலில் இருக்கிறது. எழுத்துகளைக் கற்கள் என்றும் சொற்களை வீடுகள் என்றும் அது சொல்லும். இரண்டு கற்கள் 2 வீடுகளைக் கட்டும், மூன்று 6, நான்கு 24, ஐந்து 120, ஆறு 720, ஏழு 5040. அதற்கு மேல் வாயால் சொல்ல முடியாததை, காதால் கேட்க முடியாததை நீயே போய்க் கணக்கிடு என்று நிறுத்திவிடும். இறைநாமத்தில் ஹே இரண்டு முறை வருவதால் அதன் நான்கு எழுத்துகளுக்கு 24 வராது, 12 வரிசைகள்தான். உலகம் இந்த 22 எழுத்துகளால் படைக்கப்பட்டது என்பது அந்த நூலின் கருத்து. எழுத்தைக் கலைத்து அடுக்குவது படைப்பின் மூலப்பொருளையே கையில் எடுப்பது என்று அபுலாஃபியா நம்பியதற்கு அடிப்படை இதுதான். அந்த நூலை அதன் பன்னிரண்டு உரைகளோடு பார்சிலோனாவில் படித்தபோதுதான், 1271இல், தம் 31ஆம் வயதில், அவருக்கு முதல் தீர்க்கதரிசன அனுபவம் வந்தது.

பின்னணியில் ஒரு தத்துவம்

இந்தப் பகுதியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். அபுலாஃபியாவை மாந்திரீகராகக் காட்டும் பிழை இங்கேதான் பிறக்கிறது. அவர் தம்மை மைமோனிடிஸின் மாணவர் வரிசையில் வைத்தவர். 1138 முதல் 1204 வரை வாழ்ந்த மைமோனிடிஸ், யூத மரபின் மிகக் கறாரான தர்க்கவாதி. அவருடைய தத்துவ நூலுக்கு அபுலாஃபியா மூன்று உரைகள் எழுதினார். ஊர் ஊராகப் போய் அதைப் பாடமும் நடத்தினார்.

மைமோனிடிஸ் தீர்க்கதரிசனத்தை விளக்கியது இப்படி. அந்தக் கால வானியலில் வானக் கோளங்களை இயக்கும் அறிவுகள் அடுக்கடுக்காக உண்டு. அவற்றில் கடைசியானது, மனித உலகுக்கு மிக அருகில் இருப்பது, செயலறிவு. நம் மனத்தில் வெறும் திறமையாக உறங்கும் புரிதலை எழுப்பி நிஜமாக்குவது இதன் வேலை. இறைவனிடமிருந்து செயலறிவு வழியாகப் பெருகும் ஊற்று முதலில் மனிதனின் பகுத்தறிவில் விழுகிறது. அது நிரம்பி வழிந்து கற்பனை ஆற்றலிலும் விழுந்தால் அவன் தீர்க்கதரிசி. பகுத்தறிவில் மட்டும் நின்றால் அவன் தத்துவ அறிஞன். இன்னொரு கருத்தும் உண்டு: ஒன்றை உண்மையாகப் புரிந்துகொள்ளும் கணத்தில் அறிபவன், அறிவு, அறியப்படுவது மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

அபுலாஃபியா இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டார். மைமோனிடிஸ் காட்டிய பாதை இயற்கை அறிவியலும் இறையியலும் கற்று ஆண்டுக்கணக்கில் நடப்பது. அபுலாஃபியா குறுக்குவழி ஒன்று உண்டு என்றார். மனித ஆன்மா முடிச்சுகளால் உலகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்த முடிச்சுகளை அவிழ்த்தால் அது தன் மூலத்தோடு சேரும். சொற்கள் அந்த முடிச்சுகளில் முக்கியமானவை. ‘மலை’ என்றால் மலையின் உருவம் மனத்தில் எழுகிறது, ‘மகன்’ என்றால் ஒரு முகம் எழுகிறது. சொல்லை எழுத்துகளாக உடைத்து, வரிசை மாற்றி, மீண்டும் உடைத்தால் உருவம் எழ வழியில்லை. ஆனால் அறிவு ஓடிக்கொண்டே இருக்கிறது, பிடித்துக்கொள்ள உருவம் இல்லாமல். அந்த நிலையில் செயலறிவின் ஊற்று தடையின்றிப் பாயும் என்பதே அவர் கணக்கு. இப்படி இறை அறிவோடு ஒட்டிக்கொள்வதை தெவெகூத் என்பார்கள்.

இதுவரை: எழுத்துகளைக் கலைப்பது உருவங்களை விலக்குகிறது, வேகமும் கணக்கும் அறிவை விழிப்பில் வைக்கின்றன, உருவமற்ற விழிப்பில் மனித அறிவு செயலறிவோடு சேர்கிறது. இனி, உட்கார்ந்து செய்வது எப்படி என்பது.

ஓர் இரவின் வரிசை

1280இல் அவர் எழுதிய ‘வரும் உலகின் வாழ்வு’ என்ற கையேட்டில் வரிசை தெளிவாக இருக்கிறது. உடலைத் தூய்மை செய்துகொள்ள வேண்டும். குரல் பிறர் காதில் விழாத தனி இடம் வேண்டும். செய்யப்போவதை யாரிடமும் சொல்லக்கூடாது. பகலிலும் செய்யலாம், இரவு சிறந்தது. தூய உடை, வெள்ளையாக இருந்தால் நல்லது. பிரார்த்தனைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வேதவரிகள் வைத்த தோல்பேழைகளைத் தலையிலும் கையிலும் கட்டிக்கொள்ள வேண்டும். இரவானால் கண்ணுக்கு நன்றாக வெளிச்சம் தரும் அளவு பல விளக்குகளை ஏற்ற வேண்டும். இந்த விளக்கு விஷயத்தைக் கவனியுங்கள். இருட்டறையில் கண்ணை மூடிக்கொள்ளும் வழி இதுவாக இருந்திருந்தால் இத்தனை விளக்கு எதற்கு? தொடக்கம் எழுத்து வேலை. பேனா, மை, பலகை மூன்றும் தயாராக இருக்க வேண்டும்.

வேலை மூன்று படிகளில் ஏறுகிறது: முதலில் எழுதுவது, பிறகு உச்சரிப்பது, கடைசியில் எண்ணத்தில் மட்டும் நிகழ்த்துவது.

எழுதும் படியில் சில எழுத்துகளை எடுத்துப் பலவற்றோடு சேர்த்து, திருப்பி, உருட்டி, வேகமாக எழுதிக்கொண்டே போக வேண்டும். இதயம் சூடேறும் வரை என்று அளவு சொல்கிறார். நேரத்தை விட இந்தச் சூடுதான் அவருக்கு அளவுகோல்.

உச்சரிக்கும் படி இன்னும் நுட்பமானது. ‘அறிவின் ஒளி’ என்ற நூலில் அட்டவணைகளே போட்டுக் கொடுத்திருக்கிறார். இறைநாமத்தின் ஓர் எழுத்தை ஆலெஃபோடு சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஐந்து உயிர் ஒலிகளை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும்: ஹோலம் (ஓ), காமெட்ஸ் (ஆ), த்ஸெரே (ஏ), ஹிரிக் (ஈ), ஷுரூக் (ஊ). யோட் என்றால் ஓயோ, ஓயா, ஓயே, ஓயீ, ஓயூ; அடுத்து ஆயோ, ஆயா என்று 25. பிறகு வரிசையைத் திருப்பி யோட்டை முன்னே வைத்து இன்னொரு 25. ஓர் எழுத்துக்கு 50 ஒலிகள். நமக்கு உயிர்மெய் வரிசை பழகியிருப்பதால் இது எளிதாகத் தெரியும். எங்கும் இடறாமல், ஒன்றையும் விடாமல், மூச்சோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தால்தான் கடினம் புரியும்.

ஒவ்வோர் உயிர் ஒலிக்கும் தலை அசைவு உண்டு. அந்த ஒலிக்குரிய குறி எழுத்தில் எந்தப் பக்கம் நிற்கிறதோ, எப்படிக் கிடக்கிறதோ, அதைத் தலை வரைந்து காட்டும். ஹோலம் என்பது எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. ஆகவே தலை மேலே போக வேண்டும். எதிரில் தம் உயரமுள்ள ஒருவரோடு பேசுவதுபோலத் தலையை நேராக வைத்துத் தொடங்கி, ஒலியை நீட்ட நீட்ட வானத்தை நோக்கி உயர்த்தி, மூச்சு முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒலி முடிந்தும் மூச்சு மிச்சம் இருந்தால், அது தீரும் வரை தலையை இறக்கக்கூடாது. கண் மூடியிருக்க வேண்டும். தொடங்கும் முன் தொண்டையில் எச்சில் இல்லாமல் சரிசெய்துகொள்ளச் சொல்கிறார். இப்படிப்பட்ட குறிப்பை அனுபவம் இல்லாதவர் எழுத மாட்டார். ஹிரிக் கீழே வைக்கும் புள்ளி, தலை குனியும். காமெட்ஸுக்கும் த்ஸெரேக்கும் பக்கவாட்டு அசைவு, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். ஷுரூக்குக்கு முன்னோக்கி.

மூச்சைப் பற்றி இன்னொரு நூலில் விதி தருகிறார். ஓர் எழுத்துக்கு இரண்டு மூச்சு: தாங்கும் வரை நீட்டி உச்சரிக்க ஒன்று, ஓய்வெடுக்க ஒன்று.

‘வரும் உலகின் வாழ்வு’ கையேட்டில் கையாளப்படும் பெயர் இதைவிடப் பெரியது. யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தின் 19, 20, 21 ஆகிய மூன்று வசனங்களும் எபிரேயத்தில் தலா 72 எழுத்துகள் கொண்டவை. முதல் வசனத்தை நேராகவும், இரண்டாவதைத் தலைகீழாகவும், மூன்றாவதை நேராகவும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி மேலிருந்து கீழே வாசித்தால், மூன்றெழுத்து கொண்ட 72 பெயர்கள் கிடைக்கும். மொத்தம் 216 எழுத்துகள். தேர்ந்தவர்களுக்கு உரிய பொருள் இது.

மூன்றாம் படியில் பேனாவும் இல்லை, வாயும் இல்லை. எழுத்துகள் மனத்தில் தாமே நகர வேண்டும். அதோடு, தேவதூதர்கள் மனித உருவில் தம்மைச் சூழ்ந்து நிற்பதாக, உட்கார்ந்திருப்பதாக எண்ணச் சொல்கிறார். உருவங்களை இத்தனை பாடுபட்டு விலக்கிவிட்டு மறுபடியும் ஏன் உருவம் என்று கேட்கத் தோன்றும். மைமோனிடிஸின் விளக்கத்தை நினைவில் கொண்டால் பதில் கிடைக்கும்: ஊற்று முதலில் பகுத்தறிவில், பிறகு கற்பனையில். வரிசைதான் முக்கியம். கற்பனை முந்திக்கொண்டால் அது பகற்கனவு.

என்ன நேரும் என்று எழுதியிருக்கிறார்கள்

உடல்தான் முதலில் காட்டும். இதயம் சூடேறும், கை கால் தளரும், நடுக்கம் எடுக்கும், மயிர்க்கூச்செறியும். மகிழ்ச்சியின் மிகுதியில் உயிர் உடலை விட்டுப் பிரிகிறதோ என்ற பயமும் வரும். தலை முதல் கால் வரை அபிஷேகத் தைலம் பூசியதுபோல உணர்வு வரும் என்று அபுலாஃபியா எழுதுகிறார். உச்சத்தில் நேர்வது பேச்சு. கேள்வியைத் தானே கேட்டு, வேறொருவர் பதில் சொல்வதுபோலக் குரலை மாற்றித் தானே பதில் சொல்லவும் ஒரு நூலில் வழி காட்டுகிறார்.

முடித்த பிறகு என்ன செய்வது என்பதையும் அவர் விடவில்லை: ஏதாவது கொஞ்சம் சாப்பிடு அல்லது குடி, நல்ல வாசனையை நுகர், ஆவியை அதன் உறைக்குள் திரும்ப விடு, இன்னொரு வேளைக்கு ஆகட்டும். ஏறுவதற்கு வழி சொல்லும் ஞான நூல்கள் ஏராளம். இறங்குவதற்குச் சாப்பாடும் வாசனையும் சொல்லும் நூல் அபூர்வம்.

1295இல் எழுதிய அந்தச் சீடர், மாணவர் பக்கத்திலிருந்து இதே அனுபவத்தை விவரிக்கிறார். எழுத்துச் சேர்க்கை வேகமெடுத்தபோது வந்து விழும் சேர்க்கைகளைப் பத்துப் பேர் இருந்தாலும் எழுதித் தீர்க்க முடியாது என்கிறார். மூன்றாம் இரவு, நடுநிசி கடந்து, மடியில் காகிதமும் கையில் பேனாவுமாகக் கண்ணயர்ந்திருக்கிறார். விளக்கு அணையப் போகிறது என்று எழுந்து சரிசெய்யப் போனால், வெளிச்சம் விளக்கிலிருந்து வரவில்லை. நடந்தால் கூடவே வருகிறது, போர்வைக்குள் படுத்தாலும் இருக்கிறது. பிறகு அவசரப்பட்டு இறைநாமத்தை எடுத்திருக்கிறார். எழுத்துகள் மலைகளாக வளர்ந்து நின்றன. உடம்பில் வலுவே இல்லாமல் விழுந்தார். உதடுகள் தாமாக அசைந்து பேசத் தொடங்கின. நாமத்தைத் தொட உனக்கு யார் அனுமதி கொடுத்தது, எழுத்துகளை மட்டும்தானே சேர்க்கச் சொன்னேன் என்று ஆசிரியர் கடிந்துகொண்டார்.

எங்கே கெடும், ஏன் கெடும்

அந்தக் கண்டிப்பு, குரு வழக்கமாகப் போடும் அதட்டல் மட்டும் அல்ல. ஒவ்வோர் எழுத்தும் உடலின் ஓர் உறுப்பை ஆள்கிறது என்று அபுலாஃபியா கருதினார். ஆகவே ஓர் எழுத்தை அல்லது உயிர்க்குறியைத் தவறான இடத்தில் வைத்தால், அதற்குரிய உறுப்பு இடம் மாறி மனிதன் ஊனமாவான் என்று எச்சரிக்கிறார். இதை நேர்ப்பொருளில் நம்பாதவர்களும் அதன் பயனைக் காணலாம். இந்தப் பயம் இருப்பவன் கவனம் சிதற விட மாட்டான். கவனம் சிதறாமல் இருப்பதுதான் முறையின் உயிர்.

இதைவிட அவர் அதிகம் பயந்தது கற்பனையைப் பார்த்து. பகுத்தறிவு தளர்ந்து கற்பனை தலைமை ஏற்றால், மனம் தன் ஆசைகளையே தேவதூதர் குரலாகக் கேட்கும். சாத்தான் என்று மரபு சொல்வதை அவர் இந்தக் கற்பனை ஆற்றலோடு இணைத்துப் பேசுகிறார். பார்சிலோனா அனுபவத்துக்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் சாத்தான் தம் வலப்பக்கம் நின்று குழப்பினான் என்று தம்மைப் பற்றியே எழுதியிருக்கிறார். தத்துவப் பயிற்சி இல்லாமல் எழுத்துச் சேர்க்கையில் இறங்கக்கூடாது என்று அவர் வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான். நாமங்களைக் கொண்டு புற உலகில் காரியம் சாதிக்க நினைக்கும் மாந்திரீகர்களை அவர் கடுமையாகச் சாடியதற்கும் இதுவே காரணம்.

தகுதி பற்றிய இன்னொரு சோதனை, அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஆக்ரே ஊர் ஐஸக் எழுதிவைத்த ஓர் உரையாடலில் வருகிறது. தனிமைத் தியானத்தில் சேர வந்தவனிடம் கேட்கிறார்கள்: உன்னை ஒருவன் புகழ்கிறான், ஒருவன் அவமதிக்கிறான், இருவரும் உனக்குச் சமமா? அவன் நேர்மையாகச் சொல்கிறான்: புகழ்ந்தால் மகிழ்ச்சி, அவமதித்தால் வலி, ஆனால் பழி வாங்க மாட்டேன். போய் வா என்று அனுப்பிவிட்டார்கள். பழி வாங்காமல் இருப்பது போதாது, வலியே தெரியக்கூடாது. இந்தச் சமநிலைக்கு ஹிஷ்தவூத் என்று பெயர். தனிமையில் மனத்தை ஒருமுகப்படுத்துவது ஹித்போதெதூத். முன்னது இல்லாமல் பின்னது கூடாது.

இதற்கும் முன்பே எகிப்தில், மைமோனிடிஸின் மகன் ஆபிரகாம் (1186–1237) சூஃபிகளிடமிருந்து தனிமைப் பயிற்சியையும் தரையில் விழுந்து வணங்குவதையும் யூத வழிபாட்டுக்குள் கொண்டுவர முயன்றார். சூஃபிகள் கைக்கொண்டது இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகளுடைய பழைய வழி என்றும், அதை மீட்கிறோம் என்றும் வாதிட்டார். உள்ளூர் யூதர்களே அவர்மீது சுல்தானிடம் புகார் கொடுத்தார்கள்.

ஏன் இந்த வழி மறைந்தது

நான்கெழுத்து இறைநாமத்தை எழுதியபடி உச்சரிக்க யூதச் சட்டம் அனுமதிப்பதில்லை. அபுலாஃபியா அதைப் பல உயிர் ஒலிகளோடு உச்சரிக்கவே சொல்லிக் கொடுத்தார். ஆனால் அவரை உண்மையில் வீழ்த்தியது, யூதர்கள் எதிர்பார்த்த மீட்பரான மெசியா தாமே என்ற அவருடைய உரிமைகோரல். 1280இல் போப் மூன்றாம் நிக்கோலஸைச் சந்திக்க ரோமுக்குப் போனார். சோரியானோவில் தங்கியிருந்த போப், அவரைக் கொளுத்த உத்தரவிட்டிருந்தார். அபுலாஃபியா அங்கே சேர்ந்த நேரத்தில் போப் திடீரென்று இறந்துபோனார். ஆகஸ்ட் 22 அது. பிரான்சிஸ்கன் துறவிகள் அவரை 28 நாட்கள் அடைத்து வைத்துவிட்டு விட்டுவிட்டார்கள். பிறகு சிசிலிக்குப் போய் மாணவர்களைச் சேர்த்தார். மீட்பு 1290இல் வரும் என்று அறிவித்தார். பார்சிலோனாவின் பெரிய சட்ட அறிஞர் ஷ்லோமோ இப்னு அத்ரேத் அவரை மோசடிக்காரர் என்று கண்டித்துக் கடிதம் அனுப்ப, மால்ட்டாவுக்குப் பக்கத்தில் உள்ள கொமினோ என்ற சிறு தீவில் போய் ஒதுங்க வேண்டியதாயிற்று. 1291க்குப் பிறகு அவரைப் பற்றிய தடயம் இல்லை.

அந்தக் கண்டனத்தின் விளைவு, ஸ்பெயினில் அவர் வழி வளரவில்லை. இத்தாலியிலும் கிழக்கிலும் கையெழுத்துப் படிகளாகப் பிழைத்தது. நாற்பது வயதாகாமல் கபாலா படிக்கக்கூடாது என்று இன்று சொல்லப்படும் விதிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. 1756இல் போலந்தின் பிரோடி நகரில் போட்ட தடையில்தான் ஸோஹருக்கு 30, 16ஆம் நூற்றாண்டு கபாலா ஆசான் ஐஸக் லூரியாவின் நூல்களுக்கு 40 என்ற வயது வரம்பு வந்தது. அபுலாஃபியா அனுபவம் பெற்றதே 31இல்.

ஆய்வாளர்களிடையே ஒரு சண்டை இன்னும் நடக்கிறது. யூத ஞானி கடவுளை நெருங்குவான், ஒட்டிக்கொள்வான், ஆனால் கரைந்து ஒன்றாக மாட்டான் என்றார் ஜெர்ஷோம் ஷோலெம். கையெழுத்துப் படிகளைத் துருவிய மோஷே இடெல், முழு ஒருமையைப் பேசும் அபுலாஃபியாவின் வரிகளை எடுத்துக் காட்டி அதை மறுத்தார். அறிபவனும் அறியப்படுவதும் ஒன்றாகும் என்ற மைமோனிடிஸின் கருத்தை அபுலாஃபியா எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதே இருவருக்கும் இடையிலான கேள்வி. இடெல் காட்டும் வரிகளைப் படித்தால் அவர் பக்கமே சாயத் தோன்றுகிறது.

16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் இந்த முறைகள் மீண்டும் தலைகாட்டின. மோஷே கொர்தொவேரோ ‘அறிவின் ஒளி’யின் தலை அசைவு விதிகளைத் தம் பெருநூலில் எடுத்து எழுதினார். ஹயீம் விட்டால் என்பவர் ‘புனிதத்தின் வாயில்கள்’ என்ற தம் சிறு நூலின் நான்காம் பகுதியில் அபுலாஃபியாவின் வழியைச் சேர்த்தார். நூலை அச்சிட்டவர்கள் முதல் மூன்று பகுதிகளை மட்டும் கோத்தார்கள். நான்காவது முழுவதும் புனித நாமங்களும் இரகசியங்களும் என்பதால் அச்சேற்றவில்லை என்று ஒரு குறிப்பைப் போட்டு அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.